நான்கு துளைகளுக்குப் பின்னால்

பித்தப்பையில் கல் என்று ஸ்கேன் அறிக்கை சொல்லிவிட்டால், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மத்தூர், போச்சம்பள்ளி பக்கத்தில் இரண்டு யோசனைகள் உடனே காதில் விழும். "வாழைத்தண்டுச் சாறு குடி, கரைஞ்சிடும்" என்பது ஒன்று. "நாலு ஓட்டைதான், மறுநாள் வீடு, அடுத்த வாரம் ஷிப்டுக்குப் போயிடலாம்" என்பது இன்னொன்று. முதலாவதை மறுப்பது எளிது. இரண்டாவதை மறுப்பது கடினம், ஏனென்றால் அது பாதிக்கு மேல் உண்மை. நுண்துளை அறுவை சிகிச்சை வந்த பிறகு பித்தப்பையை எடுப்பது நோயாளிக்கு நிஜமாகவே எளிதாகிவிட்டது. ஆனால் அந்த எளிமை தோலோடு நின்றுவிடுகிறது. உள்ளே ஓர் உறுப்பு கல்லீரலிலிருந்து உரித்து எடுக்கப்படுகிறது. ஒரு ரத்தக்குழாயும் ஒரு பித்தக்குழாயும் துண்டிக்கப்படுகின்றன. வெளியே தெரியும் தழும்பை வைத்து இதை அளப்பதால் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது என்பதே நான் சொல்ல வருவது. தேவையில்லாதவர்கள் 'சுலபம்தானே' என்று ஒப்புக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். தேவைப்பட்டுச் செய்துகொண்டவர்களோ அதே 'சுலபம்தானே' என்ற நினைப்பில் ஆறுவதற்குள் பாரம் தூக்கப் போய்விடுகிறார்கள்.

முதலில் அந்தப் பையைப் பற்றி. பித்தத்தைச் சுரப்பது கல்லீரல். நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை சுரக்கிறது. அதில் ஒரு பகுதியை வாங்கி, நீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி வைத்துக்கொள்ளும் கிடங்குதான் பித்தப்பை. சிறிய கத்தரிக்காய் அளவு, கொள்ளளவு 30 முதல் 50 மில்லி. எண்ணெயும் கொழுப்பும் குடலுக்கு வந்தவுடன் அது சுருங்கிப் பித்தத்தைப் பீய்ச்சும். கிடங்கை எடுத்துவிட்டாலும் சுரப்பு நிற்பதில்லை. பித்தம் சேர்ந்து பாய்வதற்குப் பதிலாகச் சொட்டுச் சொட்டாகக் குடலுக்குப் போய்க்கொண்டிருக்கும். "பித்தப்பை இல்லாமல் எப்படிச் செரிக்கும்?" என்று அஞ்சுபவர்களுக்கு ஒரு செய்தி: குதிரைக்கும் ஒட்டகத்துக்கும் எலிக்கும் பிறவியிலேயே பித்தப்பை கிடையாது.

மனிதனிடமிருந்து முதன்முதலாக இதை வெட்டி எடுத்தவர் பெர்லினைச் சேர்ந்த கார்ல் லாங்கன்பூக்; நாள், 1882 ஜூலை 15. கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைத்தால் அதே பை மறுபடியும் கல்லை உண்டாக்கும் என்பது அவர் கண்டது. 'கல்லை மட்டும் எடுத்தால் போதாதா?' என்று இன்றும் நோயாளிகள் கேட்கும் கேள்விக்கு 140 ஆண்டுகளாக இதுதான் பதில். அடுத்த நூறு ஆண்டுகள் வலது விலா எலும்புக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துத்தான் செய்தார்கள். 1985 செப்டம்பரில் ஜெர்மனியின் எரிக் மூவெ துளை வழியாகப் பித்தப்பையை எடுத்தபோது அவருடைய சக அறுவை மருத்துவர்கள் அதை ஏற்கவில்லை. ஐந்தே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டெஹம்டன் உட்வாடியா இந்தியாவில் முதலாவதைச் செய்தார். அடுத்த ஆண்டே கோயம்புத்தூரில் சி. பழனிவேலு தொடங்கினார். தமிழ்நாட்டு மாவட்டத் தலைநகரங்கள் வரை இந்த முறை பரவியதற்கு அந்தத் தலைமுறை மருத்துவர்களின் பிடிவாதம் ஒரு முக்கியக் காரணம்.

எளிதானதும் எண்ணிக்கை கூடியது. வேறு எதற்கோ வயிற்றை ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகக் கல் தென்படுவது இப்போது சாதாரணம். வலியே தராத அந்தக் கல்லை என்ன செய்வது? இதற்குத் தெளிவான விடை 1982இலேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வலியில்லாத கல் இருந்த 123 பேரை நீண்ட காலம் கவனித்தார்கள். ஐந்து ஆண்டுகளில் 10 சதவீதம் பேருக்கும், பத்து ஆண்டுகளில் 15 சதவீதம் பேருக்கும், இருபது ஆண்டுகளில் 18 சதவீதம் பேருக்கும் மட்டுமே வலி வந்தது. மற்ற எண்பது சொச்சம் சதவீதம் பேரின் கல் வாய் திறக்கவே இல்லை. அந்த 123 பேரில் பெரும்பாலானோர் ஆண்கள், அமெரிக்கர்கள் என்பது ஒரு குறைதான். ஆனால் பின்னர் வேறு நாடுகளில் வந்த கணக்குகளும் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவிலேயே நிற்கின்றன. எதிர்த்தரப்பில், அறுவையின்போது முதன்மைப் பித்தக்குழாய் காயப்படும் அபாயம் ஆயிரத்துக்கு மூன்று முதல் ஐந்து வரை இருக்கிறது. சிறிய எண்தான், ஆனால் அந்த மூவரில் ஒருவராக மாட்டிக்கொண்டால் அடுத்தடுத்து அறுவைகள், மாதக்கணக்கில் மருத்துவமனை. வலியே இல்லாத ஒருவரை இந்த அபாயத்துக்குள் தள்ள வலுவான காரணம் வேண்டும்.

"புற்றுநோயாக மாறிவிட்டால்?" என்பதுதான் அந்தக் காரணமாக வழக்கமாகச் சொல்லப்படுவது. இந்த அச்சத்தை அப்படியே தள்ளிவிட முடியாது. கங்கைச் சமவெளியில் பித்தப்பைப் புற்றுநோய் உலகிலேயே அதிகமாகக் காணப்படும் இடங்கள் உள்ளன. ஆனால் தென்னிந்தியாவில் அது மிகவும் குறைவு. கல் விஷயத்திலும் இந்த வடக்கு-தெற்கு வேறுபாடு பழையது: ரயில்வே மருத்துவரான எஸ்.எல். மல்ஹோத்ரா 1968இல் வெளியிட்ட ஆய்வில், ரயில்வே ஊழியர்களிடையே பித்தப்பைக் கல் தெற்கைவிட வடக்கில் ஏழு மடங்கு அதிகமாக இருந்தது. பாட்னாவுக்குப் பொருந்தும் பயத்தை மத்தூருக்கு இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. மூன்று சென்டிமீட்டருக்கு மேல் பெரிய கல், ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிய சதைவளர்ச்சி, சுவரில் சுண்ணாம்பு படிந்த பை, ரத்த அணுக்கள் சிதையும் பரம்பரை நோய் ஆகியவை இருந்தால் வலி இல்லாவிட்டாலும் அறுவையைப் பேசலாம். அப்படி எதுவும் இல்லாதவர் ஸ்கேன் அறிக்கையைப் பத்திரமாக வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கலாம்.

வலி வந்தவர்களின் கதை வேறு. ஆனால் எந்த வலி என்பதில்தான் குழப்பம். பித்தப்பை வலி மேல்வயிற்றின் நடுவிலோ வலது விலாவுக்குக் கீழேயோ பிடிக்கும். வலது தோள்பட்டைக்குப் பின்னால் பரவும். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்கும். பெரும்பாலும் கனத்த சாப்பாட்டுக்குப் பின், பல நேரம் நடு ராத்திரியில் எழுப்பிவிடும். ஏப்பம், வயிற்று உப்புசம், நெஞ்செரிச்சல் ஆகியவை கல் இல்லாதவர்களுக்கும் உண்டு. அவற்றைக் கல்லின் தலையில் கட்டி அறுவை செய்தால் அவை அறுவைக்குப் பிறகும் அப்படியே இருக்கும். நெதர்லாந்தில் 24 மருத்துவமனைகளில் 1,067 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வு இதை உறைக்கச் சொன்னது. வழக்கப்படி மருத்துவர் முடிவெடுத்த பிரிவிலும், கறாரான விதிகளின்படி தேர்ந்தெடுத்த பிரிவிலும் பெரும்பான்மையோர் அறுவை செய்துகொண்டார்கள். ஓராண்டு கழித்து முழுக்க வலி நீங்கியவர்கள் ஒன்றில் 60 சதவீதம், மற்றதில் 56 சதவீதம். ஏறக்குறைய பத்தில் நான்கு பேருக்கு ஏதோ ஒரு வலி மிச்சமிருந்தது. அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் முன், "என்னுடைய தொந்தரவுகளில் எது போகும், எது போகாது?" என்று மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

மருந்தால் கரைக்க முடியாதா? கொலஸ்டிரால் கல்லாக, சிறியதாக, பை நன்றாகச் சுருங்கி விரிவதாக இருந்தால் உர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்ற மாத்திரை மாதக்கணக்கில் கரைக்கும். நிறுத்திய ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்ப வரும். நம் பக்கத்துக்கு இன்னொரு தடையும் உண்டு. மஞ்சளாகப் பட்டாணிபோல இருப்பது கொலஸ்டிரால் கல். மிளகுபோலக் கறுத்து, விரலிடுக்கில் நொறுங்குவது நிறமிக் கல். தென்னிந்திய நோயாளிகளிடம் நிறமிக் கற்களின் பங்கு வடக்கைவிட அதிகம். அவற்றை இந்த மாத்திரை தொடாது. வாழைத்தண்டுச் சாறு சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லப்படும் வீட்டு வைத்தியம். பித்தப்பைக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் சம்பந்தமே இல்லை. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் மலத்தில் வரும் பச்சை உருண்டைகளை 2005இல் நியூசிலாந்து மருத்துவர்கள் சோதித்தார்கள். அவை கல்லே அல்ல, அந்த எண்ணெயும் சாறும் குடலில் சேர்ந்து உண்டாக்கிய சோப்புக் கட்டிகள்.

கல் பித்தக்குழாயில் இறங்கிவிட்டால், கணையத்தைத் தாக்கிவிட்டால், பை சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்துவிட்டால் தள்ளிப்போட இடமில்லை. 'வீக்கம் வடியட்டும், ஆறு வாரம் கழித்து வாருங்கள்' என்பது பழைய வழக்கம். ஜெர்மனியிலும் சுலோவேனியாவிலும் பித்தப்பை வீங்கிய 618 பேரிடம் இரண்டு வழிகளையும் ஒப்பிட்டு 2013இல் வெளியான ஆய்வில், அனுமதித்த 24 மணி நேரத்துக்குள் அறுவை செய்தவர்களில் 11.8 சதவீதம் பேருக்கும், காத்திருக்கவைத்தவர்களில் 34.4 சதவீதம் பேருக்கும் சிக்கல் வந்தது.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? முழு மயக்கம் கொடுத்த பின் தொப்புளருகே ஒரு துளை போட்டு, கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி வயிற்றைக் கூடாரம்போல உப்பவைக்கிறார்கள். அதே துளை வழியாகக் கேமரா. நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒன்றும் வலப்பக்கம் இரண்டுமாகக் கருவிகளுக்கு மூன்று துளைகள். பையின் கழுத்தைச் சுற்றியுள்ள கொழுப்பையும் சவ்வையும் மெல்ல விலக்கி, பைக்குள் நுழைபவை இரண்டே இரண்டுதான், ஒன்று குழாய், மற்றது தமனி என்பது கண்ணெதிரே தெரியும்வரை எதையும் வெட்டக் கூடாது. ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க் 1995இல் பெயரிட்டு வகுத்த இந்த விதிதான் பித்தக்குழாயைக் காக்கும் வேலி. பிறகு டைட்டானியம் கிளிப் போட்டு வெட்டி, பையைக் கல்லீரலின் படுகையிலிருந்து உரித்து, ஓர் உறையிலிட்டு வெளியே இழுக்கிறார்கள். அந்தக் கிளிப்புகள் நெல்மணி அளவுதான். அவற்றைக் கண்டு ஆலை வாசலில் உள்ள உலோகச் சோதனைக் கருவி பொதுவாகக் கத்தாது. இரண்டு குழாய்களையும் பிரித்தறிய முடியாதபடி ஒட்டிக்கிடந்தால் மருத்துவர் பழையபடி வயிற்றைத் திறப்பார். அதைத் தோல்வி என்று நினைக்கும் உறவினர்கள் உண்டு. பிடிவாதமாகத் துளை வழியாகவே தொடராமல் திறக்க முடிவெடுத்த மருத்துவரிடம்தான் அந்த நோயாளி பாதுகாப்பாக இருந்தார்.

கண் விழித்ததும் பலரைத் திகைக்கவைப்பது வயிற்று வலியைவிடத் தோள் வலி. உள்ளே மிஞ்சிய வாயு உதரவிதானத்தை உறுத்துகிறது. அதன் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் மூளை இடத்தை மாற்றிப் படித்துக்கொள்கிறது. மாரடைப்பு என்று பயந்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் அடங்கும். எழுந்து நடந்தால் சீக்கிரம் அடங்கும். அன்று மாலையே நடக்கச் சொல்வது ரத்தம் கட்டாமல் இருப்பதற்கும்கூட. சாப்பாட்டில் நம் வீடுகளின் பத்தியம்தான் பெரிய தொல்லை. பருப்பு சாப்பிட்டால் தையல் சீழ் பிடிக்கும் என்று காலம் காலமாக நம்புகிறார்கள். உண்மையில் காயம் ஆறப் புரதம் வேண்டும், பருப்பும் முட்டையும் தாராளமாகத் தரலாம். முதல் நாள் கஞ்சி, இட்லி. பிறகு கேழ்வரகுக் கூழோ களியோ வயிறு கேட்கும் அளவுக்கு. இரண்டு வாரம் எண்ணெய்ப் பலகாரத்தையும் ஒரே வேளையில் நிறையச் சாப்பிடுவதையும் தவிர்த்தால் போதும், ஆயுள் முழுக்கப் பத்தியம் கிடையாது. சிலருக்குச் சாப்பிட்டவுடன் வயிறு இளகும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும், நீடித்தால் மருந்து உண்டு.

வேலைக்குத் திரும்புவதில்தான் 'நாலு ஓட்டை' என்ற சொல் அதிகக் கெடுதல் செய்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். எட்டு மணி நேரம் நின்றபடி அசெம்பிளி லைனில் வேலை செய்யும் பெண்ணுக்கு இரண்டு வாரமாவது வேண்டும். வார்ப்படப் பட்டறையில் பாரம் தூக்குபவருக்கும், மாங்காய்க் கூடை சுமப்பவருக்கும், குடத்தில் தண்ணீர் எடுப்பவருக்கும் நான்கு முதல் ஆறு வாரம். காரணம் தொப்புள் துளை. மேலே தோல் பத்து நாளில் மூடிவிடும். அடியில் உள்ள சதைச் சுவரின் உறை கெட்டிப்பட வாரங்கள் ஆகும். அதற்குள் முக்கித் தூக்கினால் அந்த வழியாகக் குடல் பிதுங்கலாம், மறுபடியும் அறுவை. "ஆறு வாரம் சம்பளம் யார் தருவார்?" என்ற கேள்வி நியாயமானது, மருத்துவ அறிவுரை மட்டும் இதற்குப் பதிலாகாது. இ.எஸ்.ஐ.யில் பதிந்த தொழிலாளி, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால், மருத்துவச் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் பெறலாம். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இந்த உரிமை உண்டு. ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டில் 'ஓய்வு' என்று மொட்டையாக எழுதியிருந்தால் சூபர்வைசர் ஒரு வாரத்தில் கூப்பிட்டுவிடுவார். என்ன வேலை செய்கிறோம், எத்தனை கிலோ தூக்குகிறோம் என்று மருத்துவரிடம் சொல்லி, எத்தனை வாரம் பாரம் தூக்கக் கூடாது என்று எழுதி வாங்க வேண்டும்.

எங்கே செய்துகொள்வது என்பதையும் அறுவைக்குப் பிந்தைய நாட்களை மனதில் வைத்தே முடிவு செய்ய வேண்டும். கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தர்மபுரியிலும் ஒன்று உண்டு. ஆனாலும் பெங்களூருக்கு ஓடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பித்தம் கசிந்தால் அது தெரியவருவது பெரும்பாலும் முதல் வாரத்தில், வீட்டுக்கு வந்த பிறகு. வலி நாளுக்கு நாள் குறையாமல் கூடினால், காய்ச்சல் அடித்தால், கண் மஞ்சளானால், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால், வயிறு உப்பி வாந்தி எடுத்தால் அன்றே அறுவை செய்த மருத்துவரிடம் போக வேண்டும். கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டு ஓர் இரவைக் கழிக்கக் கூடாது. அந்த இரவில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருக்கும் மருத்துவமனைக்குத் தனி மதிப்பு உண்டு. தையலைக் காட்டப் போகும் நாளில் இன்னொரு தாளையும் கேட்டு வாங்க வேண்டும். எடுத்த பையை நுண்ணோக்கியில் பார்த்து நோய்க்குறியியல் மருத்துவர் எழுதிய அறிக்கை அது. கற்களைச் சிறிய டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள், அதை எல்லோருக்கும் காட்டுவார்கள். அந்த அறிக்கையை வாங்காமல் வந்துவிடுபவர்கள் ஏராளம்.