பெற்றோல் டாங்கியில் துருவா? வீட்டிலேயே நீக்கலாம்

நமது பாட்டன், பூட்டன் தமிழ்நாட்டிலிருந்து வந்திறங்கிய கரை மன்னார்க் கரை. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டுப் போன நம்ம சனங்களில் பலர் வவுனியா, மன்னார் பக்கமே குடியேறினார்கள். தலைமன்னார், பேசாலைப் பக்கம் போய் வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே கதவுக் கீல் முதல் மோட்டார் சைக்கிள் வரை எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும். அவர்கள் அதைக் கறள் என்பார்கள்.

காரணம் என்ன? இரும்பு, தண்ணீர், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு. கடற்காற்றில் வரும் உப்பு அதை வேகப்படுத்துகிறது. நமது தோட்டங்களில் உப்புக் காற்று இல்லை. ஆனால் பனியும் மழையும் உண்டு. டாங்கி பாதி காலியாக இருந்தால் இரவுக் குளிரில் உள்ளே ஈரம் படியும். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டால் பல மாதம் ஓடாமல் நின்ற வண்டிகளும் இப்படிக் கெட்டன. உதிரும் துரு காபரேட்டரை அடைத்தால், நோயாளியை ஏற்றிப் போகும் நேரத்தில் வண்டி ஏற்றத்தில் நின்றுவிடும்.

முதலில் பாதுகாப்பு. ஒரே கூரையின் கீழ் பல குடும்பம் இருக்கும் லயத்தில் இந்த வேலை ஆகாது. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஓடி அடுப்பைத் தொடும். வெளியே, வெட்டவெளியில் செய்யுங்கள். பீடி, விளக்கு, பிள்ளைகள் கிட்டே வேண்டாம்.

1. பெற்றோலை மூடியுள்ள கேனில் வடித்து, டாங்கியைக் கழற்றுங்கள். பெற்றோல் குழாயையும் கழற்றி, ஓட்டையை றப்பர் அடைப்பால் இறுக்குங்கள்.

2. சவர்க்காரத் தண்ணீரால் பல தடவை கழுவி, மணம் போகும்வரை திறந்து வையுங்கள்.

3. கடை வினாகிரியை வாய்வரை நிரப்பி ஒரு நாள் வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், உள்ளே வாயு உண்டாகும். வெளியே பெயின்டில் பட்டால் உடனே கழுவுங்கள்.

4. துரு தடிப்பாக இருந்தால், கொஞ்சம் வினாகிரியை வடித்துவிட்டு, சிறு நட்டுகளைப் போட்டுக் குலுக்குங்கள். போட்டதை எண்ணி வையுங்கள், எண்ணி எடுங்கள்.

5. வினாகிரியை வடித்து, ஒரு லீற்றர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்து அலசுங்கள். நுரைக்கும், மூடாதீர்கள். பிறகு நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

6. உடனே வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். ஈரம் இருந்தால் சில மணி நேரத்தில் மறுபடி துரு வரும். காய்ந்ததும் கொஞ்சம் எஞ்ஜின் ஒயில் ஊற்றி, உட்புறமெங்கும் படும்படி உருட்டி வடியுங்கள்.

குழாயின் வலையைக் கழுவி, புது பில்டர் போட்டுப் பூட்டுங்கள்.

கக்கூஸ் கழுவும் அசிட் வேண்டவே வேண்டாம்; அது தகரத்தையே தின்னும். டாங்கியில் ஊசி ஓட்டை தெரிந்தால் கராஜுக்குக் கொண்டு போங்கள். பெற்றோல் இருந்த டாங்கியை வீட்டில் வெல்டிங் செய்வது உயிருக்கு ஆபத்து. பழைய பெற்றோலைக் கானிலோ பீலி பக்கமோ ஊற்றாதீர்கள். அந்தத் தண்ணீரைத்தான் நாம் குடிக்கிறோம். அதையும் கராஜில் கொடுங்கள்.

வண்டியை நிறுத்தி வைக்கும் நாட்களில் டாங்கியை நிரப்பி வையுங்கள், மூடியின் றப்பரையும் பாருங்கள். இவ்வளவு கவனித்தாலே பழைய டாங்கி இன்னும் பல வருஷம் உழைக்கும்.