மெனு படமும் ஒரு தராசுதான்



மழை பிடித்துவிட்டால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களில் வீட்டில் பிரியாணி செய்து ஆர்டருக்குக் கொடுப்பதும், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் சிறிய உணவகம் நடத்துவதும் குடும்பங்களுக்குக் கை கொடுக்கின்றன. மெனு அட்டை, வாட்ஸ்அப், ஸ்விக்கி, சொமேட்டோ என எங்கே பார்த்தாலும் வாங்குபவர் கண்ணில் முதலில் படுவது படம்தான். அதை எடுக்கக் கையிலுள்ள செல்போனே போதும்.

சமைக்கும் சகோதரிகள் படத்தில் வரத் தேவையில்லை. உயிருள்ளவற்றின் படம் குறித்து உலமாக்களிடையே உள்ள விவாதம் சோற்றுக்கும் குழம்புக்கும் பொருந்தாது. ஆகவே தயக்கம் வேண்டாம்.

வெளிச்சம்

டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்தால் உணவின் நிறம் மாறித் தெரியும். ஃபிளாஷ் போட்டால் எண்ணெய் மட்டும் பளிச்சிடும். பகலில், நேர் வெயில் விழாத ஜன்னலோரம் மேசையைப் போட்டு, விளக்குகளை அணைத்துவிடுங்கள். வெளிச்சம் தட்டின் பக்கவாட்டிலிருந்து வரட்டும். எதிர்ப்பக்கம் நிழல் அதிகமானால் வெள்ளைச் சார்ட் பேப்பரை நிறுத்தி வையுங்கள், நிழல் தெளியும். நம் ஊர் உப்புக் காற்றில் லென்ஸ் மங்கிவிடும். எடுக்கும் முன் மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்.

கோணம்

பிரியாணித் தட்டையும் குழம்புக் கிண்ணத்தையும் சாப்பிட உட்கார்ந்தவர் பார்ப்பதுபோல் சற்றுச் சாய்வாக எடுக்கலாம். சஹனையும் வாழையிலைச் சாப்பாட்டையும் நேர் மேலிருந்து எடுக்கவேண்டும். அடுக்கிய பரோட்டாவுக்கு மேசை மட்டத்தில் போனைப் பிடியுங்கள். மிக அருகில் போனால் தட்டின் வடிவம் கோணலாகும். சற்றுத் தள்ளி நின்று கொஞ்சம் ஜூம் செய்யுங்கள். எவர்சில்வர் தட்டில் ஜன்னலும் நம் நிழலும் தெரியும். வெள்ளைப் பீங்கான் தட்டு நல்லது. திரையில் உணவின் மேல் தொட்டு வெளிச்சத்தைச் சிறிது குறைத்தால் சோறு வெளுத்துப் போகாது. நெத்திலி, இறால் வறுவலை இறக்கிய சில நிமிடங்களுக்குள் எடுத்துவிடுங்கள். ஆறினால் பளபளப்பு போய்விடும்.

அளவு

இவற்றைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அமெரிக்காவில் கேம்பல் நிறுவனம் சூப் விளம்பரத்துக்காகக் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டுக் காய்த்துண்டுகளை மேலே தெரியவைத்தது. அந்நாட்டு வர்த்தக ஆணையம் தலையிட்டது. அதை நிறுத்தும்படி 1970-ல் உத்தரவு வந்தது. நம் நாட்டிலும் 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, உணவு பற்றிய தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

சட்டத்துக்கு முன்பே நமக்குக் கட்டளை இருக்கிறது. கடைத்தெருவில் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக விற்றவர் சொன்னார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுவதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி இது.

கொடுக்கும் தட்டில் இரண்டு துண்டு கறி என்றால் படத்திலும் இரண்டே இருக்கட்டும். போடாத முந்திரி படத்தில் வேண்டாம். விற்கும் அதே தட்டில், அதே அளவில் வைத்து எடுங்கள். இணையத்திலிருந்து அடுத்தவர் படத்தை எடுத்துப் போடாதீர்கள். அது பிறர் உழைப்பு. அதில் தெரிவது நம் சமையலும் அல்ல. அளவில் குறைப்பவர்களை அல்-முதஃப்பிஃபீன் அத்தியாயம் எச்சரிக்கிறது. படத்தைப் பார்த்துக் காசு கொடுப்பவருக்கு அந்தப் படம்தான் தராசு.

படம் எடுத்த உணவை வீணாக்காமல் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். அல்லாஹ் நம் அனைவரின் தொழிலிலும் பரகத் செய்வானாக. ஆமீன்.