காப்பிக்கு முன் ஒரு மணி நேரம்

கடந்த ஆண்டுக்கு முந்திய தீபாவளி. கிள்ளானில் பெரியம்மா வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு. என் தட்டில் ஒரு முறுக்கும் பாதி நெய் உருண்டையும்தான் இருந்தன. பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னம்மா, இன்னும் போட்டுட்டே? உட்கார்ந்துகிட்டே இருந்தா எப்படி எடை குறையும்? காலையில எழுந்து கொஞ்சம் நடக்கக் கூடாதா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அன்று காலையில்தான் ஐம்பது நிமிடம் நடந்துவிட்டு வந்திருந்தேன். மூன்று மாதமாக இரவில் சோற்றைத் தொடவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? தட்டை மேசையில் வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நண்பகல் வெயிலிலும் அம்மா புடவைக்கு மேல் ஒரு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, மின்விசிறிக்கு எட்டாத மூலையாகப் பார்த்து அமர்ந்திருந்தார். அதை அன்று நான் கவனித்ததாகவே நினைவில்லை.

78இல் நின்ற முள்

எனக்கு வயது 34. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. மாதக் கடைசி என்றால் இரவு ஒன்பது மணி வரை நாற்காலியை விட்டு எழ முடியாது. மகள் பிறந்து ஐந்து ஆண்டுகளாகியும் பேறுகாலத்தில் ஏறிய எடை இறங்கவில்லை. உயரம் 158 சென்டிமீட்டர், எடை 78 கிலோ. உடல் எடைக் குறியீடு 31. ஆசிய மக்களுக்கு இந்தக் குறியீடு 23ஐத் தாண்டினாலே நோய் அபாயம் கூடுகிறது, 27.5ஐத் தாண்டினால் அபாயம் அதிகம் என்று கொள்கிறார்கள்.

இதில் நான் தனி ஆள் இல்லை. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். பாதிப் பேருக்கு மேல் இருந்தும், குடும்ப விழாவில் தலை குனிவது என்னவோ தனித்தனியாகத்தான்.

எலுமிச்சை தேன் தண்ணீர், காலையில் பசியாறாமல் இருப்பது, பொது மண்டபத்தில் ஸும்பா வகுப்பு, கைப்பேசியில் காலடிக் கணக்கு என்று எல்லாம் செய்து பார்த்தேன். முதல் மாதம் இரண்டு கிலோ இறங்கும். அடுத்த மாதம் ஒன்று திரும்பி வரும். மூன்றாம் மாதம் முள் பழைய இடத்திலேயே நிற்கும்.

இந்தச் சோர்வில்தான், தெரிந்தவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் விற்ற "ஒல்லியாக்கும் காப்பி"யை வாங்கினேன். நான்கே நாளில் வாய் வறண்டது, இரவில் நெஞ்சு படபடத்தது. பயந்து போய் மீதியைக் குப்பையில் போட்டேன். அந்தப் பொட்டலத்தில் சுகாதார அமைச்சின் 'மால்' பதிவு எண் இல்லை. அதில் என்ன கலந்திருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால், இப்படி விற்கப்படும் சில பொருள்களில் சிபுட்ராமின் என்ற மருந்து இருப்பதாக அமைச்சு பல முறை எச்சரித்திருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத அபாயம் காரணமாக 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது.

கடைசி நிலையத்தில் கண் விழித்தேன்

கிளினிக்குக்கு என்னைப் போக வைத்தது எடை அல்ல, தூக்கம். வேலை முடிந்து கொமுட்டர் ரயிலில் ஏறினால் கண் சொருகிவிடும். ஒரே மாதத்தில் இரண்டு முறை கிள்ளானில் இறங்கத் தவறி, கடைசி நிலையமான பெலாபுஹான் கிள்ளானில் யாரோ தட்டி எழுப்பிக் கண் விழித்தேன். தலைமுடியும் சீப்போடு கொத்தாக வந்தது.

அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டிவிட்டுக் காத்திருந்தேன். இளம் பெண் மருத்துவர். எடையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை. மற்றவர்களை விட அதிகமாகக் குளிருகிறதா, மலச்சிக்கல் உண்டா, மாதவிலக்கு அதிகமாகப் போகிறதா, தோல் வறண்டிருக்கிறதா என்று கேட்டார். தண்ணீரை விழுங்கச் சொல்லிக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு இருக்கிறதா?" என்றார். "இல்லை" என்று உடனே சொன்னேன்.

முடி கொட்டுவதற்காக நான் பயோட்டின் மாத்திரை சாப்பிட்டு வந்தேன். இரத்தப் பரிசோதனைக்குச் சில நாள் முன்பே அதை நிறுத்தச் சொன்னார். பயோட்டின், தைராய்டு பரிசோதனை முடிவைத் தவறாகக் காட்டக்கூடுமாம்.

முடிவு வந்தது. டி.எஸ்.எச். 14.2. பொதுவாக அது 4ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். தைராய்டு, கழுத்தின் முன்பக்கம் பட்டாம்பூச்சி வடிவில் இருக்கும் சுரப்பி. உடலின் இயக்க வேகத்தைப் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அது சுணங்கினால், மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி "வேலையைச் செய்" என்று டி.எஸ்.எச். மூலம் நினைவூட்டல் அனுப்பும். பணம் கட்டாத வாடிக்கையாளருக்கு நாங்கள் கடிதத்துக்கு மேல் கடிதம் போடுவது மாதிரி. கடிதம் கூடினால் அந்தப் பக்கம் கோளாறு என்று அர்த்தம்.

என் உடலின் நோய் எதிர்ப்பு சக்தியே என் தைராய்டைத் தாக்கிக்கொண்டிருந்தது. 1912இல் இதை முதலில் விவரித்த ஜப்பானிய மருத்துவரின் பெயரால் இதற்கு ஹஷிமோட்டோ நோய் என்று பெயர். ஆண்களை விடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகமாக வருகிறது.

நோய் இருப்பதாகக் கேட்டு யாராவது மகிழ்வார்களா? நான் மகிழ்ந்தேன். கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அழுதேன். "நான் சோம்பேறி இல்லை, தைராய்டு" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அன்றே அறிவித்துவிட்டேன். இனி ஒரு மாத்திரை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

மருத்துவர் அன்றே ஒன்று சொல்லியிருந்தார். "தைராய்டால் ஏறிய எடை பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு கிலோதான் இருக்கும். அதிலும் உப்பும் தண்ணீருமே அதிகம். மீதிக்கு வேறு காரணம் பார்க்க வேண்டும்." அது என் காதில் ஏறவில்லை.

மாத்திரை மட்டும் போதவில்லை

லெவோதைராக்சின், ஒரு நாளைக்கு 50 மைக்ரோகிராம். ஆறு வாரம் கழித்து மறு பரிசோதனை. டி.எஸ்.எச். இன்னும் 9க்கு மேல். எடை அசையவில்லை.

"மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள்?"

"காலையில் காப்பியோடு, டாக்டர். கூடவே கால்சியம் மாத்திரையும்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். பசியாற அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். காப்பி, மருந்து உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. ஆறு வாரமாக நான் மருந்தில் ஒரு பகுதியை வீணாக்கியிருந்தேன்.

முறையாகச் சாப்பிடத் தொடங்கியதும் அடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச். 2.8க்கு வந்தது. முக வீக்கம் வடிந்தது, மோதிரம் தளர்ந்தது, ரயிலில் கிள்ளான் வரை கண் திறந்திருந்தது. எடை 75 ஆனது. அங்கேயே நின்றுவிட்டது. மருத்துவர் சொன்ன அதே மூன்று கிலோ.

கணக்கில் வராத செலவு

கிளினிக்கின் உணவியல் நிபுணர், ஒரு வாரம் வாயில் போடுவதையெல்லாம் எழுதி வரச் சொன்னார். கணக்காளர் என்பதால் ஒன்று விடாமல் எழுதினேன். எழுதிய பிறகுதான் புரிந்தது. ஒரு நாளில் மூன்று தே தாரிக். ஒரு குவளைக்கு ஏறத்தாழ 200 கலோரி. மகள் தட்டில் மிஞ்சியது எல்லாம் என் வயிற்றில். ஐந்து நாள் பட்டினி கிடந்த ஏக்கத்தில் சனிக்கிழமை மாமாக் கடையில் இரண்டு ரொட்டி சானாய். குழம்பைச் சேர்க்காமலே ஒரு ரொட்டிக்குச் சுமார் 300 கலோரி. நான் வேர்க்க வேர்க்க ஒரு மணி நேரம் நடந்து செலவழிப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அவர் சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செபாரு' தட்டைக் காட்டினார். சுக்குக் கஷாயம் அல்ல! தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு போன்றவை, மீதிப் பாதி காய்கறியும் பழமும். பட்டினி போட்டால் கொழுப்போடு தசையும் கரையும், உடலும் குறைந்த செலவில் ஓடப் பழகிவிடும் என்றார். வாரத்துக்கு 150 நிமிட நடையோடு, இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்கச் சொன்னார். ஒன்றரை லிட்டர் தண்ணீர் போத்தல் இரண்டுதான் என் உடற்பயிற்சிக் கருவி.

எட்டு மாதத்தில் இன்னும் நான்கு கிலோ. இப்போது 71. குறியீடு 28.4; அந்த 27.5 கோட்டுக்கு மேலேதான் இன்னும் இருக்கிறேன். பெரியம்மாவின் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் தொடங்கிய எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது என்கிறார்கள். நான் 9 விழுக்காடு குறைந்திருக்கிறேன்.

அம்மாவின் கேள்வி

சென்ற தீபாவளிக்குச் சில வாரம் முன்பு ஒரு மாலை. தொலைக்காட்சி முன் அம்மா உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். அதே கம்பளிச் சட்டை. அப்பா, "வர வர சோம்பேறி ஆயிட்டா உங்கம்மா" என்றார். நான் அம்மாவைத் தட்டி எழுப்பி, "உட்கார்ந்துகிட்டே இருந்தா எப்படிம்மா எடை குறையும்? வாங்க நடக்கலாம்" என்றேன்.

சொல்லி முடித்ததும் எனக்குச் சுருக்கென்றது. அது பெரியம்மா என்னிடம் சொன்ன வாக்கியம்.

அம்மாவுக்கு 61 வயது. தோட்டத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டுப் பால்மரம் சீவப் போனவர். கோயில் திருவிழாவில் அவர் பாடினால் கூட்டம் நின்று கேட்கும். நான்கு ஆண்டுகளாகப் பாடுவதில்லை. கேட்டால், "தொண்டை கட்டியிருக்கு" என்பார். குளிர், தூக்கம், வறண்ட தோல், வீங்கிய கண், கரகரத்த குரல். எல்லாவற்றையும் வயது என்று ஒதுக்கியிருந்தோம். "குடும்பத்தில் யாருக்காவது?" என்று மருத்துவர் கேட்டபோது, யோசிக்காமல் இல்லை என்றவள் நான்.

அம்மாவின் டி.எஸ்.எச். 60க்கு மேல். இவ்வளவு நாள் எப்படி நடமாடினீர்கள் என்று மருத்துவர் வியந்தார். வயதைக் கருதி இதயத்தைப் பரிசோதித்துவிட்டு, 25 மைக்ரோகிராமில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம் என்றார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்போ நான் சோம்பேறி இல்லியா டாக்டர்?"

பக்கத்தில் அப்பா இருந்தார், நானும் இருந்தேன். எங்கள் இருவராலும் அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது

எடை குறையாத எல்லாருக்கும் தைராய்டு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எடையோடு சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முடி உதிர்வு, மாதவிலக்கு மாற்றம் ஆகியவையும் சேர்ந்திருந்தால், அல்லது குடும்பத்தில் யாருக்கேனும் தைராய்டு இருந்தால், மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். டி.எஸ்.எச். சற்றே கூடியிருந்து மற்றது சரியாக இருந்தால், சில மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று சொல்லக்கூடும். அதிக எடையே டி.எஸ்.எச்.-ஐக் கொஞ்சம் கூட்டுவதும் உண்டு. கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிடுவது அவசியம். மெலிவதற்காக அடுத்தவரின் தைராய்டு மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள். இதயத் துடிப்பைக் குழப்பும், எலும்பைத் தேய்க்கும்.

எங்கள் வீட்டில் இப்போது காலை ஐந்தே முக்காலுக்கு மேசையில் இரண்டு குவளைத் தண்ணீர் இருக்கும். வைப்பவர் அப்பா. நானும் அம்மாவும் மாத்திரையை விழுங்குவோம். காப்பிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே, சும்மா எதற்கு உட்கார்ந்திருப்பது என்று தாமானைச் சுற்றி நடக்கப் போவோம். அம்மா முதல் மாதம் ஒரு சுற்றில் களைத்துவிடுவார். நான்கு மாதம் ஆன நிலையில் இப்போது மூன்று சுற்று வருகிறார். கம்பளிச் சட்டை அலமாரிக்குள் போய்விட்டது.

சென்ற வாரம் இரண்டாவது சுற்றில் அம்மா ஏதோ முணுமுணுத்தார். கூர்ந்து கேட்டால், திருவிழாவில் பாடும் பழைய பாட்டு. மேல் சுரம் இன்னும் எட்டவில்லை. பாதியில் நிறுத்திவிட்டுச் சிரித்தார். நான் ஒன்றும் சொல்லாமல் நடையின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.