துப்பறியும் நாவல்கள்

சென்னிமலையில் கைத்தறி நெய்யும் அன்பர் ஒருவர், இரவில் தறியை விட்டெழுந்ததும் துப்பறியும் நாவல்களையே வாசிப்பதாகச் சிறிது வெட்கத்துடன் நம்மிடம் கூறினார். வெட்கம் எதற்கு? இவற்றை இகழும் கனவான்கள், ஷெர்லாக் ஹோம்ஸை ஆங்கிலத்தில் வாசிப்பதை மட்டும் பெருமையாகக் கொள்வர்!

ஜே. ஆர். ரங்கராஜுவின் கோவிந்தனும், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரும் தமிழைக் காசு கொடுத்து வாசிக்கும் வழக்கத்தை வளர்த்தார்கள். ஐயங்காரின் 'மேனகா' 1935-ல் சினிமாவுமாயிற்று. கோயமுத்தூர் ராஜேஷ்குமாரோ 1,500-க்கு மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். அன்பரின் பெட்டியில் அவருடையவையே மிகுதி. நாமும் இரண்டை இரவல் வாங்கி ஒரே இரவில் முடித்தோம்.

வக்கீல் என்ற முறையில் நமக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. இரண்டிலும் குற்றவாளி போலீசாரிடம் யாவற்றையும் ஒப்புக்கொள்கிறான்; கதை முடிகிறது. அவ்வாக்குமூலத்தை அவனுக்கு விரோதமாக நிரூபிக்கலாகாதென்பது 1872-ம் வருஷத்துச் சாக்ஷியச் சட்டத்தின் 25-வது பிரிவு; 2024-ல் அமலுக்கு வந்த புதிய சட்டமும் அவ்விதியைக் கைவிடவில்லை. காரணமின்றிப் பிறந்த விதியன்று அது. சென்னை மாகாணத்துச் சித்திரவதைகளை விசாரித்து ஒரு கமிஷன் 1855-ல் அறிக்கையே எழுதியிருக்கிறது.

இதை அன்பரிடம் விளக்கினோம். "அப்படீன்னா கேசு நிக்காதுங்களா?" என்று கேட்டு, சற்று யோசித்துவிட்டு, மூன்றாவது புத்தகத்தை எடுத்து நீட்டினார்.