மலையிலிருந்து இறங்கும் பேருந்து

"சூத்திரங்கள் எல்லாம் மனப்பாடம். ஆனால் கணக்கைப் பார்த்தால் எதைப் போடுவது என்றே தெரியவில்லை!"

இயக்கவியல் பாடம் தொடங்கியதும் மாணவர்கள் பலர் சொல்லும் குறை இது. நினைவாற்றல் குறைவு இதற்குக் காரணமன்று. கணக்கைப் படித்தவுடனே சூத்திரத்தைத் தேடுவதுதான் தவறு. சூத்திரம் மூன்றாவது படியில் வர வேண்டியது. எந்தப் பொருளைப் பற்றிய கணக்கு என்று முடிவு செய்வது முதற்படி. அப்பொருளின் மீது செயல்படும் விசைகளைப் படம் வரைந்து குறிப்பது இரண்டாவது படி. சமன்பாடு எழுதுவது மூன்றாவது. கிடைத்த விடை பொருத்தமானதா என்று வேறு வழியில் சோதிப்பது நான்காவது.

இந்த நான்கு படிகளையும் ஓர் உண்மையான மலைப்பாதையில் பயன்படுத்திப் பார்ப்போமா?

சேர்வராயன் மலைத்தொடரில் உள்ள ஏற்காடு, கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் நகரின் உயரமோ ஏறக்குறைய 280 மீட்டர்தான். இவற்றை இணைக்கும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கணக்கு எளிதாக இருக்கும் பொருட்டு, மலைப்பாதையின் நீளம் 20 கிலோமீட்டர், அதில் இறங்கும் உயரம் 1,000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதாவது, 20 மீட்டர் சென்றால் 1 மீட்டர் இறக்கம். பயணிகளுடன் பேருந்தின் நிறை 10,000 கிலோகிராம். அது மாறாத வேகத்தில் இறங்குகிறது. அதைத் தடுத்துப் பிடிக்க எவ்வளவு விசை வேண்டும்?

படம் வரைவோம்

நம் பொருள் பேருந்து. அதன் எடை செங்குத்தாகக் கீழ்நோக்கிச் செயல்படுகிறது. புவிஈர்ப்பு முடுக்கத்தை 10 எனக் கொண்டால், எடை 1,00,000 நியூட்டன். சாலை, தன் பரப்புக்குச் செங்குத்தாகப் பேருந்தைத் தாங்குகிறது. காற்றின் தடையும், உருளும் சக்கரங்களின் தடையும், பிரேக்கினால் வரும் தடையும் சாலை வழியே பின்னோக்கிச் செயல்படுகின்றன.

இங்கே பலரும் "பேருந்து ஓடும் விசை" என்று முன்னோக்கி இன்னோர் அம்பு வரைந்துவிடுகிறார்கள். அப்படி ஒரு விசை இல்லை! ஒவ்வோர் அம்பையும் வரையும்போது, "இந்த விசையைக் கொடுப்பது எது?" என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் அந்த அம்பை அழித்துவிடுங்கள்.

எடையின் முழுப் பகுதியும் பேருந்தைக் கீழே இழுப்பதில்லை. சரிவு 20-க்கு 1 என்பதால், சாலை வழியே இழுப்பது எடையில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 5,000 நியூட்டன். வேகம் மாறவில்லை, ஆகவே முடுக்கம் சுழி. நியூட்டனின் விதிப்படி நிகர விசையும் சுழி. எனவே தடை விசைகளின் கூடுதலும் 5,000 நியூட்டன்தான். இதில் காற்றும் சக்கரங்களும் 1,000 நியூட்டனைத் தருவதாகக் கொண்டால், எஞ்சிய 4,000 நியூட்டனை ஓட்டுநர் தர வேண்டும்.

சரிதானா? ஆற்றல் வழியே சோதிப்போம். 1,000 மீட்டர் இறங்குவதால் குறையும் நிலை ஆற்றல் 10,000 × 10 × 1,000 = 10 கோடி ஜூல். தடை விசைகளுக்கு எதிராகச் செய்யப்படும் வேலை 5,000 × 20,000 = 10 கோடி ஜூல். இரண்டு வழிகளும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்துவிட்டன!

வெப்பம் எங்கே போகிறது?

ஓட்டுநர் பிரேக்கை மட்டுமே நம்பினால், 4,000 × 20,000 = 8 கோடி ஜூல் ஆற்றலும் பிரேக்கில் வெப்பமாகும். பிரேக் டிரம்களின் மொத்த நிறை 200 கிலோகிராம் எனக் கொள்வோம். ஒரு கிலோகிராம் இரும்பின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறக்குறைய 460 ஜூல் வேண்டும். 200 கிலோகிராமுக்கு 92,000 ஜூல். வகுத்துப் பாருங்கள்: வெப்பநிலை சுமார் 870 டிகிரி உயரும். அந்த நிலையில் இரும்பு செந்நிறமாய் ஒளிரும்!

உண்மையில் வெப்பத்தின் ஒரு பகுதி காற்றோடு போய்விடும். ஆகவே இவ்வளவு ஏறாது. ஆனால் சில நூறு டிகிரி ஏறினாலே பிரேக் லைனிங்கின் உராய்வு குறைந்துவிடுகிறது. ஓட்டுநர் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வண்டி பிடிபடாது.

"ஏறும் கியரிலேயே இறங்கு" என்று அனுபவமுள்ள ஓட்டுநர்கள் சொல்வதன் பொருள் இப்போது விளங்குகிறது அல்லவா? தாழ்ந்த கியரில் இறங்கும்போது சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருக்கிறது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்துவதும் உராய்வும் தடையாகின்றன. அந்த வெப்பம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியேறுகிறது. எஞ்சின் 3,000 நியூட்டனைத் தந்தால், பிரேக்கின் பங்கு 1,000 நியூட்டன்தான். 870 டிகிரி என்பது 220 டிகிரிக்கும் குறைந்துவிடும்.

வளைவில் என்ன நடக்கிறது?

கொண்டை ஊசி வளைவின் ஆரம் 10 மீட்டர் என்போம். மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் திரும்பத் தேவையான மையநோக்கு விசை 10,000 × 25 ÷ 10 = 25,000 நியூட்டன். இது எடையில் கால் பங்கு. டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள உராய்வு இதைத் தந்துவிடும். வேகம் இரு மடங்கானால், தேவை நான்கு மடங்காகி 1,00,000 நியூட்டன் ஆகிறது. இது பேருந்தின் முழு எடைக்குச் சமம். உலர்ந்த தார்ச்சாலையிலும் உராய்வு சுமார் முக்கால் பங்குதான் தரும். மழையில் இன்னும் குறைவு. பேருந்து வளைவில் திரும்பாது. சாலையை விட்டு விலகும்.

2024 ஏப்ரல் 30 அன்று, ஏற்காட்டிலிருந்து சேலத்திற்கு இறங்கிய தனியார் பேருந்து ஒன்று 13-வது கொண்டை ஊசி வளைவருகே தடுப்புச்சுவரை இடித்துக் கவிழ்ந்ததில் உயிர்கள் பலியாயின. அந்த விபத்தின் காரணத்தை ஆராய்வது நம் வேலையன்று. ஆனால் இந்த மலைச்சாலையில் விசையும் வேகமும் வெறும் தேர்வுக் கணக்குகள் அல்ல என்பதை அது நினைவூட்டுகிறது.

நீங்களே செய்து பாருங்கள்

மேற்கண்ட பேருந்து சரிவில் நிற்கிறது. கியர் நியூட்ரலில் உள்ளது, பிரேக்கும் பிடிக்கவில்லை. தடை 1,000 நியூட்டன் மட்டுமே. பேருந்து உருளத் தொடங்கிய ஒரு நிமிடத்தில் அதன் வேகம் என்ன? முதலில் படம் வரையுங்கள், சூத்திரம் பிறகு!

விடை: நிகர விசை 4,000 நியூட்டன், முடுக்கம் 0.4 மீட்டர்/வினாடி², வேகம் வினாடிக்கு 24 மீட்டர், அதாவது மணிக்கு 86 கிலோமீட்டருக்கும் மேல். அடுத்த வளைவில் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிடலாம்.