இரும்பு கிடைத்தது, புத்தகம் கிடைக்கவில்லை: ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் பாகங்களைத் தேடி

வடக்கில் பல வீடுகளின் பின்வளவில், ஓலைக் கொட்டிலுக்குக் கீழே, பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று இன்றும் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அதை ஓட்டியவர் உயிரோடு இல்லை, அல்லது வெளிநாட்டில் இருக்கிறார். பழைய இரும்பு வாங்க வருபவர் நிறுத்துப் பார்த்து விலை சொல்கிறார். வீட்டுக்காரரும் இடம் மிச்சம் என்று கொடுத்துவிடுகிறார்.

அப்படிப் போகவிருந்த என் சித்தப்பாவின் பி.எஸ்.ஏ. பான்டம் வண்டியை இரண்டு ஆண்டுகளாகக் கொழும்பில் வைத்துத் திருத்தி வருகிறேன். இந்தத் தேடலில் எந்தப் பாகம் எங்கே கிடைக்கும், எதைச் செய்விக்கலாம், எது கிடைக்கவே மாட்டாது என்பது ஓரளவு பிடிபட்டிருக்கிறது. வீட்டில் இப்படியொரு வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

பான்டம் என்பது என்ன?

பி.எஸ்.ஏ. என்பது பேர்மிங்காம் நகரில் 1861 இல் துப்பாக்கி செய்யத் தொடங்கிய நிறுவனம். மூன்று துப்பாக்கிகளைச் சாத்தி நிறுத்திய படமே அதன் முத்திரை. 1948 இல் அது வெளியிட்ட பான்டம் வண்டி அதன் சொந்த வடிவமைப்பு அல்ல. ஜேர்மனியின் டீ.கே.டபிள்யூ. நிறுவனத்தின் ஆர்.டி. 125 என்ற வண்டியின் வரைபடங்கள் இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனி தோற்றபின் போர் இழப்பீடாக நேச நாடுகளின் கைக்குப் போயின. பிரித்தானியா பான்டத்தையும், சோவியத் ஒன்றியம் மொஸ்க்வாவையும், அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் தன் சிறிய வண்டியையும் அதிலிருந்தே செய்தன. 1955 இல் யமஹா செய்த முதலாவது மோட்டார் சைக்கிளும் அதே வடிவத்தைப் பின்பற்றியதுதான்.

என் சித்தப்பாவின் வண்டி 1950களின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின், 123 சீசீ, மூன்று கியர். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுதும் இடம்பெயர்ந்தபோது அது கொட்டிலில் விடப்பட்டது. வீட்டார் திரும்பி வந்தபோது சட்டகமும் எஞ்சினும் இரண்டு சில்லுகளும் இருந்தன. ஸ்பீடோமீற்றர், சைலன்சர், முன்விளக்கின் வளையம், சங்கிலி மூடி, கருவிப் பெட்டி ஆகியவை இருக்கவில்லை. சித்தப்பா காலமானபின் லொறி ஒன்றில் ஏற்றிக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுவந்தேன்.

முதலில் இலக்கம்

எதையும் கழற்ற முதல் சட்டகத்திலும் எஞ்சினிலும் பொறித்துள்ள எழுத்துகளையும் இலக்கங்களையும் தேட வேண்டும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியாலும் மென்மையான தூரிகையாலும் துடைக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. இலக்கம் அழிந்தால் வண்டி எது என்று நிரூபிக்க முடியாமல் போகும். வாசித்ததை எழுதி, படமும் எடுத்து வையுங்கள். எந்த ஆண்டு, எந்த மாதிரி என்பதை அந்த எழுத்துகளே சொல்லும். பான்டம் பல மாதிரிகளில் வந்தது. ஒன்றின் எல்லாப் பாகங்களும் மற்றதற்குப் பொருந்தா.

வாங்கக்கூடியவை

பலர் பயப்படுவது பெயரிங் கிடைக்காது என்றுதான். பெரும்பாலும் அதுதான் முதலில் கிடைக்கும். பெயரிங்குகளின் அளவு உலகம் முழுவதும் ஒன்று. 6203 என்று பொறித்திருந்தால் உள்விட்டம் 17 மி.மீ., வெளிவிட்டம் 40 மி.மீ., தடிப்பு 12 மி.மீ. எந்த நாட்டில் செய்தாலும் இதே அளவுதான். பஞ்சிகாவத்தையிலும் ஆமர் வீதியிலும் கடைக்காரரிடம் வண்டியின் பெயரைச் சொல்லாதீர்கள். "அந்த வண்டிக்கு இப்ப ஒண்டும் இல்லை" என்ற பதில்தான் வரும். இலக்கத்தைச் சொல்லுங்கள், அல்லது பழையதைக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒயில் சீலும் அப்படியே. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் சீல் தேய்ந்தால் அடிக்கூட்டுக்குள் காற்று புகுந்து, வண்டி ஸ்டார்ட் ஆகாது. பல வண்டிகளை "எஞ்சின் செத்துப்போச்சு" என்று ஒதுக்குவதற்குக் காரணம் இந்தச் சிறிய ரப்பர் வளையம்தான்.

பொல்த், சுரை வேறு கதை. பழைய பிரித்தானிய வண்டிகளின் மரை இன்றைய மில்லிமீற்றர் மரை அல்ல. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். அதற்குமேல் வலுக்கட்டாயமாக முறுக்கினால் அலுமினியக் கூட்டின் மரை போய்விடும். கழற்றிய ஒவ்வொரு பொல்த்தையும் எங்கிருந்து எடுத்தது என்று எழுதிப் பையில் போட்டு வைப்பது, கடை கடையாக அலையும் நாட்களை மிச்சப்படுத்தும்.

செய்விக்கக்கூடியவை

கொட்டாஞ்சேனையில் நான் போகும் லேத் பட்டறைக்காரர் கிளிநொச்சியில் தொழில் செய்தவர். புஷ், அச்சாணி, சுரை எல்லாவற்றையும் பழையதை அளந்தே கடைந்து தந்துவிடுகிறார். ஆனால் பிஸ்ரன் என்றதும் நிறுத்தினார். "தம்பி, விட்டம் சரியெண்டு வேற வண்டியின்ர பிஸ்ரனைப் போடாதேங்கோ" என்றார். காரணமும் சொன்னார். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் போகும் துவாரங்களைத் திறந்து மூடுவது பிஸ்ரனின் பக்கச் சுவர்தான். 52 மி.மீ. விட்டம் சரியாக இருந்தாலும், நீளமோ பின் துளையின் உயரமோ மாறினால் துவாரங்கள் பிழையான நேரத்தில் திறக்கும்.

எனவே பிஸ்ரனுக்கு இங்கிலாந்தைத்தான் நாட வேண்டியிருந்தது. அங்கே பான்டத்துக்கு இன்றும் புதிதாகப் பாகங்கள் செய்து விற்கிறார்கள். அமால் காபரேற்றரின் உதிரிகளும் கிடைக்கின்றன. லண்டனில் இருக்கும் மச்சான் வாங்கி, ஊருக்கு வந்தவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். உங்களுக்கும் வெளிநாட்டில் உறவினர் இருப்பார்கள். பாகத்தின் பெயரை மட்டும் சொல்லாமல், வேர்ணியரில் எடுத்த அளவையும் சட்டக இலக்கத்தையும் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். சிலிண்டர் தேய்ந்திருந்தால் முதலில் அதை அளந்து, எத்தனையாவது மேலளவு பிஸ்ரன் தேவை என்று முடிவுசெய்த பிறகே வாங்க வேண்டும்.

பொருளாதாரத் தடையின் அடையாளம்

எஞ்சினைத் திறந்தபோது தொழிற்சாலை செய்யாத மூன்று விடயங்களைக் கண்டேன். சிலிண்டர் தலைக்குக் கீழே ஒன்றுக்குப் பதிலாக இரண்டு காஸ்கட் இருந்தன. காபரேற்றரின் வாயில் கையால் கடைந்த சிறிய பித்தளைக் குழாய் ஒன்று செருகப்பட்டிருந்தது. புகைபோகும் துவாரம் பாதிவரை கரியால் அடைபட்டிருந்தது.

வெள்ளவத்தையில் மகளின் மாடிவீட்டில் இருக்கும் யாழ்ப்பாணத்து முதிய மெக்கானிக் ஒருவரிடம் இவற்றைக் காட்டினேன். கையில் எடுத்ததுமே, "இது மண்ணெண்ணெய் வேலை" என்றார்.

1990 இல் போர் மறுபடி தொடங்கியதும் பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் வடக்குக்குப் போவது தடுக்கப்பட்டதை வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. கிடைத்த மண்ணெண்ணெயில் வண்டிகள் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. அதனால் சிறு போத்தலில் வைத்திருந்த சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தப் பித்தளைக் குழாய் பெற்றோலை ஊற்றும் வழி. அழுத்தம் கூடினால் மண்ணெண்ணெய் எஞ்சினுக்குள் தட்டும். அதைக் குறைக்கத்தான் இரண்டாவது காஸ்கட். பான்டத்தின் அழுத்த விகிதம் 6.5 க்கு 1 மட்டுமே என்பதால் அது ஓரளவு தாங்கியது. விலையாகச் சேர்ந்தது கரியும் சிலிண்டர் தேய்மானமும்.

பழைய வண்டிகளைச் சேகரிப்பவர்கள் இப்படியானவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, 'ஒரிஜினல்' நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பார்கள். கரியைச் சுரண்டினேன், இரண்டாவது காஸ்கட்டை எடுத்தேன். இரண்டும் இருந்தால் எஞ்சின் ஒழுங்காக ஓடாது. பித்தளைக் குழாயை மட்டும் ஒரு மூடி போட்டு அப்படியே விட்டிருக்கிறேன். அதனால் ஓட்டத்துக்குக் கெடுதல் இல்லை. பேர்மிங்காமில் ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் செய்த பாகத்தை இன்னும் வாங்கலாம். தடைக்குள் இருந்து ஒருவர் யோசித்துச் செய்த பாகத்தை இனி யாரும் செய்யப்போவதில்லை.

கிடைக்காத பாகம்

இன்றுவரை என்னால் தேடிப்பிடிக்க முடியாதது வண்டியின் புத்தகம். 1995 இடப்பெயர்வில் வீட்டுப் பத்திரங்களோடு அதுவும் போய்விட்டது.

இலக்கத் தகடு இருக்கிறது. இந்த நாட்டில் தகடே ஒரு வரலாறு. 1957 க்கு முன்பு பதிந்த வண்டிகளில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். 1957 இல் சிங்கள 'சிறீ' எழுத்து வந்தது. அதற்கு எதிராகத் தமிழரசுக் கட்சி நடத்திய போராட்டத்தை மூத்த வாசகர்கள் அறிவார்கள். எங்கள் தகட்டில் ஆங்கில எழுத்து இருப்பதைச் சித்தப்பா பெருமையாகச் சொல்வார். ஆனால் தகடு உரிமைப் பத்திரம் ஆகாது.

புத்தகம் இல்லாவிட்டால் என்ன என்று நினைப்பவர்கள் 2022 ஐ நினைத்துப் பார்க்கலாம். அந்த ஆண்டு ஜூலையில் வந்த கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று தொடங்கினார்கள். பதிவுசெய்ய வாகன இலக்கத்துடன் செசி இலக்கமும் கேட்டது. 2009 இல் வன்னியில் குவியல் குவியலாகக் கிடந்த வாகனங்களில் தன்னுடையதைக் கண்ணால் கண்டும், நிரூபிக்கக் கையில் கடதாசி இல்லாமல் நின்றவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

தொலைந்த புத்தகத்துக்குப் பதிலாகப் பிரதி கேட்டு நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விண்ணப்பிக்கலாம். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி தேவை. பதிந்தவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழும் உரித்தாளர்களின் ஆவணங்களும் சேர வேண்டும். சித்தப்பாவின் பிள்ளைகள் மூன்று நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களின் கையெழுத்துகளை இப்போது சேர்த்துக்கொண்டிருக்கிறேன். எஞ்சின் ஓடுகிறது, வண்டி இன்னும் வீதிக்கு இறங்கவில்லை.

ஆகவே உங்கள் வளவிலும் ஒரு பழைய வண்டி இருந்தால், விற்பதா வைத்திருப்பதா என்பதைப் பிறகு தீர்மானியுங்கள். சட்டக இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் இந்தக் கிழமையே எழுதி வையுங்கள். யாருடைய பெயரில் பதிந்தது என்று வீட்டு மூத்தவர்களிடம் கேளுங்கள். மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய மெக்கானிக் ஒருவர் உங்கள் ஊரில் இன்னும் இருந்தால், அவர் சொல்வதைத் தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். பெயரிங்கை அடுத்த வருடமும் வாங்கலாம்.