குறையக் கூடாத நீர்மம்

எஞ்சினுள் எரியும் பெட்ரோல் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மீதி, எஞ்சினின் உலோகச் சுவர்களில் வெப்பமாக ஏறுகிறது. உருளைக்குள் எரியும் வாயுவின் வெப்பநிலை 2000 டிகிரி செல்சியசைத் தாண்டும்; அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். அவ்வெப்பத்தை இடைவிடாது வாங்கிச் சென்று வெளிக்காற்றில் விடுவது, பணிமனைகளில் கூலன்ட் என்று வழங்கும் குளிர்விப்பு நீர்மமாகும்.

1950இல் ஜெர்மனியில் உற்பத்தி தொடங்கிய ஃபோக்ஸ்வாகன் வேனுக்கு இந்நீர்மம் தேவைப்படவில்லை. அதன் எஞ்சினைக் காற்றே குளிர்வித்தது. படுக்கையும் அடுப்பும் பொருத்திய கேம்பர் வேனாக அது பெரும்புகழ் பெற்றது. 1982இன் பிற்பகுதியில், அவ்வரிசையின் மூன்றாம் தலைமுறை வேனுக்கு நீர்மத்தால் குளிரும் பெட்ரோல் எஞ்சின் வந்தது. எஞ்சின் பழையபடி பின்புறத்திலேயே இருந்தது. வெப்பத்தை வெளியேற்றும் ரேடியேட்டரோ முன்புறத்தில் அமைந்தது. எனவே, நீர்மம் வண்டியின் அடியில் நீண்ட குழாய்களின் வழியே போய்வர வேண்டியிருந்தது. சிறிய காருக்கு ஐந்தாறு லிட்டர் போதும். இவ்வேனுக்கு ஏறத்தாழ 16 லிட்டர் வேண்டும். குழாய் நீள நீளக் கசிவதற்கு இணைப்புகளும், காற்றுக்குமிழி ஒளிந்துகொள்ள இடங்களும் மிகுதியாகும்.

இத்தகைய வேன் ஒன்று, ஆஸ்திரியாவின் கிராஸ்கிளாக்னர் மலைச்சாலையில் ஏறுவதாகக் கொள்வோம். 48 கிலோமீட்டர் நீளமும் 36 கொண்டை ஊசி வளைவுகளும் உடைய அச்சாலை, 2504 மீட்டர் உயரத்தில் ஹோக்டோர் கணவாயைக் கடக்கிறது. அது நம் உதகமண்டலத்தைவிட உயரமான இடம். அங்கே திறந்த பாத்திரத்தில் உள்ள தண்ணீர் ஏறத்தாழ 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஞ்சின் வழக்கமாக இயங்கும் வெப்பநிலையும் அதை ஒட்டியதே. அவ்வாறாயின் கூலன்ட் ஏன் கொதிப்பதில்லை?

விடை மூடியில் இருக்கிறது. பிரஷர் குக்கரைப் போலவே, வில் பொருத்திய அம்மூடி உள்ளே கூடுதலாக ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தேக்குகிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் சம அளவில் சேர்ந்த கலவை, அவ்வழுத்தத்தில் 120 டிகிரியைத் தாண்டியும் நீர்மமாகவே நிற்கும். சூடான எஞ்சினின் மூடியைத் திறப்பவர் இவ்வழுத்தத்தை ஒரு நொடியில் விடுவித்துவிடுகிறார். அக்கணமே நீர்மம் கொதித்துப் பீறிட்டுக் கையையும் முகத்தையும் வெந்துபோகச் செய்யும். ஆகவே, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் முற்றிலும் குளிர்ந்த காலை வேளையிலேயே கூலன்ட்டைச் சோதிக்க வேண்டும்.

தொட்டியில் மேற்கோடும் கீழ்க்கோடும் இருக்கும். நீர்மட்டம் அவற்றிடையே நிற்க வேண்டும். குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டுப் புறப்படுவதே பலரது வழக்கம். அதனைச் சோதனை என்று கொள்ள இயலாது. கூலன்ட் ஒரு மூடிய சுற்றில் ஓடுவது. பெட்ரோலைப் போலச் செலவாவதன்று. அது திரும்பத் திரும்பக் குறைகிறதென்றால் எங்கோ போகிறது என்பதே பொருள். வண்டியின் அடியில் ஈரம், குழாய் இணைப்புகளில் உலர்ந்து படிந்த வண்ணப் பொருக்கு, நீரேற்றியின் கீழே வழிந்த தடம் ஆகியவை கண்ணுக்குத் தெரியும் சான்றுகள். வண்டிக்குள் இனிய மணமும் ஈரமான விரிப்பும் இருந்தால் ஹீட்டரை ஐயுற வேண்டும். வெளியே ஒரு சொட்டும் காணாமல் குறைவதே மிகவும் அஞ்சத்தக்கது. சிலிண்டர் ஹெட்டின் கேஸ்கட் பழுதுபட்டு, நீர்மம் உருளைக்குள் புகுந்து வெண்புகையாகப் போய்க்கொண்டிருக்கலாம். நகரத்தில் சில நாள் ஓடும்போது பொருட்படுத்தத் தோன்றாத கசிவு, படுக்கையும் தண்ணீர்த் தொட்டியும் சுமந்து மெல்ல மலையேறும் வண்டியில் விரைவில் பெருகிவிடும்.

அளவு சரியாக இருப்பினும் கலவை சரியாக இருக்க வேண்டும். வெறும் தண்ணீரையே ஊற்றி வந்தால் கொதிநிலை தாழும், உலோகம் அரிக்கப்படும், கடின நீரின் உப்புகள் ரேடியேட்டரின் நுண்குழாய்களில் படியும். கிளைக்காலை மட்டும் ஊற்றுவதும் தவறு. தண்ணீர் அளவுக்கு அது வெப்பத்தை ஏற்பதில்லை. வியப்பாக, தனித்த கிளைக்கால் ஏறத்தாழ −13 டிகிரியிலேயே உறைகிறது. சமபங்குக் கலவையோ −37 டிகிரி வரை உறையாமல் தாங்குகிறது. கலவையின் அளவைக் காட்ட எளிய கருவிகள் உண்டு. நிறத்தை நம்பக் கூடாது. பச்சை, சிவப்பு, நீலம் என்னும் நிறங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். மேற்சொன்ன வேனுக்குப் பாஸ்பேட் இல்லாத கூலன்ட்டே உரியது. கூலன்ட்டை மாற்றிய பின், வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி, ரேடியேட்டரின் திருகைத் தளர்த்திக் குமிழிகள் தீரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். உணரியைக் காற்று சூழ்ந்திருந்தால், எஞ்சின் கொதிக்கும்போதும் வெப்பமானியின் முள் தாழ்ந்தே நிற்கக்கூடும்.

எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது. கொடிய நஞ்சும் ஆகும். சமைப்பதும் உறங்குவதும் ஒரே வண்டியில் நிகழும் பயணத்தில், அதனைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைத்தல் ஆகாது. சிந்தியதை உடனே கழுவித் துடைத்துவிட வேண்டும். நாய்கள் அதனை நக்கி இறந்துபோவதுண்டு.

வழியில் முள் ஏறத் தொடங்கினால், ஹீட்டரை முழுமையாகத் திறந்துவிட்டு, பாதுகாப்பான இடத்தில் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். ஹீட்டரும் ஒரு சிறிய ரேடியேட்டரே. வெப்பத்தில் ஒரு பகுதியை அது வண்டிக்குள் இழுத்துக்கொள்ளும். பிறகு, எஞ்சின் நன்றாகக் குளிரும்வரை, எத்தனை நேரமானாலும், மூடியைத் தொடாமல் காத்திருக்க வேண்டும்.